காவலுக்கு ஆறு புள்ளி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் நலம். போனில் கூப்பிட்டால் சாப்பிட்டீர்களா என்று நீ கேட்கிறாய், சாப்பிட்டேன் என்கிறேன். நீ சாப்பிட்டாயா என்று நான் கேட்கிறேன், அத்தோடு இருவருக்கும் பேச்சு தீர்ந்துவிடுகிறது. உன் அம்மா போனைப் பிடுங்கி ஒரு மணி நேரம் பேசுகிறாள். அதனால்தான் நான் கடிதம் எழுதுகிறேன். இதைப் பிடுங்க முடியாது.

நீ கேட்டிருந்ததைப் படித்தேன். துறைமுகத்தில் உன்னைப் பெரிய கிரேனுக்கு மாற்றுகிறார்கள், இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் தருகிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், போடட்டுமா அப்பா என்று கேட்டிருக்கிறாய். அதற்கு வருகிறேன். முதலில் இங்கே நடக்கும் கூத்தைக் கேள்.

நீ பரணில் வைத்துவிட்டுப் போன அந்தச் சாகச விளையாட்டுப் பெட்டி கீழே இறங்கிவிட்டது. உன் சிநேகிதி, அந்த மருந்துக்கடைக்காரி, பஸ் ஓட்டும் நெட்டையனையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை வந்து நின்றாள். நீ போன பிறகு ஆட்டமே நின்றுபோய்விட்டதாம். “ரெண்டு ஆள் குறையுது அங்கிள், நீங்களும் ஆன்ட்டியும் உட்காருங்க”ன்னு கெஞ்சினாள். எனக்குச் சீட்டாட்டமே வராது, ஆளை விடு என்றேன். உன் அம்மா அதற்குள் சாப்பாட்டு மேசையைத் துடைத்து நாற்காலி போட்டுவிட்டாள்.

கதை இதுதான். மலைக்கு அப்பால் ஓர் ஊரில் விஷக்காய்ச்சல். மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் காடு கடந்து போய்ச் சேர வேண்டும். வழியில் பேசும் ஓநாய்கள், இடம் மாறும் மரங்கள், இன்னும் என்னென்னவோ. மருந்துக்கடைக்காரிதான் கதை சொல்பவள். நாள் முழுக்க மாத்திரை விற்றுவிட்டு இங்கே வந்தும் மருந்துப் பெட்டிதானா என்று கேட்டேன். முறைத்தாள்.

கிளம்பும் முன் ஒவ்வொருவரும் தன் வீரனுக்குத் திறமைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். ஆளுக்குப் பத்துப் புள்ளிகள். வழி கண்டுபிடிப்பது, நெருப்பு மூட்டுவது, மூலிகை, வேட்டை, நீச்சல், கயிறு, காவல் என்று நீளமாக எழுதி வைத்திருக்கிறார்கள். எதில் எவ்வளவு போடுகிறோமோ அந்த அளவுக்கு அது கைகொடுக்கும். நெட்டையன் பாதிக்கு மேல் வழி கண்டுபிடிப்பதில் கொட்டினான். தினமும் ஒரே தடத்தில் பஸ் ஓட்டுகிறவனுக்கு அது எதற்கு என்று உன் அம்மா கேட்டாள். “அதனாலதான் ஆன்ட்டி ஆசையா இருக்கு”ன்னான் பாவம்.

உன் அம்மா என்னவெல்லாம் எடுத்தாள் தெரியுமா? மரம் ஏறுவது, நீச்சல், மிருகங்களோடு பேரம் பேசுவது. தன் வீராங்கனைக்குச் சிறுத்தை என்று பெயர் வேறு. பேக்கரியில் ரொட்டி விற்பவளுக்குள் இத்தனை நாள் ஒரு சிறுத்தை உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது.

நான் ஆறு புள்ளியைக் காவலில் போட்டேன். மிச்சம் நாலு கயிற்றில். எல்லோரும் சிரித்தார்கள். வாளும் வேண்டாம் வில்லும் வேண்டாம் என்று காட்டுக்குள் போகிற வீரன் இவர்தான் என்றார்கள். சிரிக்கட்டும். லிஃப்ட் வேலையில் நாங்கள் எப்படி நிற்போம் என்று உனக்குத் தெரியுமே. ஒருவன் கூண்டுக்கு மேலே ஏறி வேலை பார்க்கும்போது, மின்சாரத்தை அணைத்துவிட்டு அந்த சுவிட்ச் பக்கத்தில் இன்னொருவன் நிற்க வேண்டும். மேலே போனவன் இறங்கும்வரை நிற்பவன் அசையக்கூடாது. பசித்தாலும் சரி, முதலாளி கூப்பிட்டாலும் சரி. காட்டுக்கு மட்டும் வேறு சட்டமா என்ன?

சரி, உன் விஷயம். பெரிய கிரேன் என்றால் எவ்வளவு பெரியது? ஏணியா, லிஃப்ட்டா? லிஃப்ட் என்றால் யார் பராமரிக்கிறார்கள்? காற்று எந்த வேகத்தைத் தாண்டினால் நிறுத்துவார்கள், அதை முடிவு செய்வது நீயா மேலாளரா? இதற்கெல்லாம் பதில் எழுது. நான் யோசிக்க வேண்டும். அவசரப்படாதே.

வேலை முடிந்து கீழே வந்ததும் “இறங்கிட்டேன்” என்று அனுப்புகிறாயே, அதை மட்டும் ஒரு நாளும் மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் அப்பா

*

என் செல்லக் கழுதைக்கு,

அம்மா ஆசீர்வாதம். உன் அப்பா உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை நான் படித்துவிட்டேன். படிக்கக்கூடாதென்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எவ்வளவு உயரம், என்ன காற்று என்று பரீட்சை வைத்திருக்கிறாரே தவிர, நீ கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை பார்த்தாயா?

அவர் எழுதாததை நான் எழுதுகிறேன். அங்கே உன் ஷிப்ட் முடியும்போது இங்கே விடியக்கூட ஆரம்பித்திருக்காது. பேக்கரிக்குக் கிளம்ப நான் எழுந்தால், உன் அப்பா ஏற்கெனவே சமையலறையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சீக்கிரம் எழுந்துவிடுகிறார், வயதாகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு நாள் தலையணையைப் பார்த்தேன், கசங்கவே இல்லை. மனுஷன் படுப்பதே இல்லையடி. நீ “இறங்கிட்டேன்” என்று அனுப்பிய பிறகுதான் போய்க் கொஞ்சம் சாய்கிறார். அப்புறம் வேலைக்கு ஓடுகிறார். நீ போன நாளிலிருந்து இப்படித்தானாம். கேட்டால், பிள்ளை மேலே இருக்கும்போது எப்படித் தூங்குவது என்கிறார். இவர் முழித்திருந்தால்தான் அங்கே கிரேன் விழாமல் நிற்குமாக்கும் என்று நன்றாகத் திட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

போன வாரம் ஒரு கட்டடத்து மெஷின் ரூமில் ஸ்பானரைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. கூட வேலை செய்பவர் எழுப்பி, வண்டியில் வைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் சொல்லவில்லை, எழுதித்தான் இருக்கிறேன்.

விளையாட்டிலும் இதே பிடிவாதம்தான். இரவானால் கூடாரத்துக்கு வெளியே ஒருவர் காவல் இருக்க வேண்டும், பாதியில் இன்னொருவர் மாற்றிவிட வேண்டும், மாற்றாவிட்டால் மறுநாள் பலம் குறையும். விதியே அப்படித்தான். இவர் மாற்றவே விடுவதில்லை. உங்களில் யாருக்குமே காவலில் ஒரு புள்ளி கிடையாது, உங்களை நம்பி எப்படிப் படுப்பது என்கிறார். நெட்டையன் நயமாகச் சொல்லிப் பார்த்தான், மருந்துக்கடைக்காரி புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாள். ம்ஹூம். அவருடைய வீரன் பலமெல்லாம் வடிந்து, பகலில் தள்ளாடித் தள்ளாடி நடக்கிறான். இந்த நடை எனக்குப் பழக்கமாக இருக்கிறதே என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

கையெழுத்து விஷயத்தில் என் மனதில் இருப்பது உனக்குத் தெரியும். ஆனால் நான் போடு என்று சொல்லி நீ போட்டால், அவர் காலத்துக்கும் அந்தச் சமையலறை நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். பதில் அவர் வாயிலிருந்து வரட்டும். நீயும் அவசரப்பட்டு வேண்டாம் என்று அங்கே சொல்லிவிடாதே. அப்பாவுக்காகத் திரும்பி வந்தேன் என்று நீ நினைத்தால் அது அவருக்கும் நல்லதில்லை, உனக்கும் நல்லதில்லை.

தலைக்கு எண்ணெய் வை. முடி கொட்டுகிறது என்று புலம்பிவிட்டு ஒன்றும் செய்யாமல் இருக்கிறாய்.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா

*

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா. உன் அம்மா எழுதியது எனக்குத் தெரியும். மெஷின் ரூம் விஷயத்தை எழுதியதாக அவளே சொல்லிவிட்டாள். இந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்றைக் காப்பாற்றவே முடியாது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். மேற்பார்வையாளர் இரண்டு நாள் வீட்டில் இரு என்றார், இருந்தேன்.

காற்றைப் பற்றியும் ஏணியைப் பற்றியும் நீ எழுதியிருந்த பதில்களைப் பல தடவை படித்தேன். படமெல்லாம் போட்டு விளக்கியிருக்கிறாய். காற்று கூடினால் நிறுத்துவது உன் முடிவுதான், மேலாளரே கத்தினாலும் நிறுத்துவேன் என்று எழுதியிருந்தாய். போன மாதம் ஒரு தடவை அப்படி நிறுத்தியும் இருக்கிறாய், அவர் கத்தியும் இருக்கிறார். இதை நீ எனக்குச் சொல்லவே இல்லையே! சொல்லியிருந்தால் பயந்திருப்பேன் என்று நினைத்திருப்பாய். பயந்துதான் இருப்பேன்.

சனிக்கிழமை ஆற்றுக்கு வந்து சேர்ந்தோம். நல்ல வெள்ளம். நான் இந்தக் கரையில் மரத்தோடு நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் அதைப் பற்றிக்கொண்டு கடக்க வேண்டும். கயிற்றில் நாலு புள்ளி போட்டவன் நான்தானே, கவலையே இல்லாமல் இருந்தேன். நெட்டையன் அக்கரை ஏறினான். அடுத்து சிறுத்தை, அதாவது உன் அம்மா, மருந்துப் பெட்டியைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கினாள். அவள் நடு ஆற்றில் இருக்கும்போது மருந்துக்கடைக்காரி என் பக்கம் பகடையைத் தள்ளி, உருட்டுங்கள் என்றாள். எதற்கு என்றேன். நீங்கள் பல இரவாகத் தூங்கவில்லை அங்கிள், விழித்திருக்கிறீர்களா என்று பார்க்க வேண்டும் என்றாள். உருட்டினேன். ஒன்றுதான் விழுந்தது.

என் வீரன் நின்றபடியே தூங்கிப்போனான். கயிறு கையைவிட்டுப் போய்விட்டது. உன் அம்மா வெள்ளத்தில் போனாள்.

வெறும் விளையாட்டு, அட்டையும் பகடையும்தான், எனக்கும் தெரியும். ஆனாலும் பாப்பா, நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இன்னொரு தடவை உருட்டுகிறேன், என்னை ஆற்றில் போடு, அவளை விட்டுவிடு என்று அந்தப் பெண்ணிடம் கெஞ்சினேன். என்னைப் பார்க்க அவளுக்கே பாவமாகிவிட்டது போல, விதியை மாற்றிவிடலாமா என்று தயங்கினாள். உன் அம்மாதான் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். “சும்மா இருங்க. எனக்கு நீச்சல் இருக்குல்ல”ன்னாள்.

நான் அதை மறந்தே போயிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவள் தேர்ந்தெடுத்ததைப் பார்த்துச் சிரித்தவன் நான். அவள் பகடையைக் கைக்குள் குலுக்கி உருட்டினாள், நீந்தினாள், வளைவில் ஒரு வேரைப் பிடித்து ஏறினாள். மருந்துப் பெட்டி துளியும் நனையவில்லை. பிறகு அவளும் நெட்டையனும் மறுபடி ஆற்றில் இறங்கி வந்து, தூங்கிக்கொண்டிருந்த என்னைத் தூக்கிக்கொண்டு கடந்தார்கள். “உங்க கயிற மட்டும் நம்பியிருந்தா இந்நேரம் கடல்ல இருந்திருப்பேன்”ன்னு நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

அன்று இரவுக் காவலை அவளிடம் மாற்றிக் கொடுத்தேன். அவளுக்குக் காவலில் ஒரு புள்ளி கூட இல்லை. ஓநாய் வந்தது. அவள் அதனோடு பேரம் பேசி, பாதி ரொட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். நானாக இருந்தால் கட்டையை எடுத்துக்கொண்டு துரத்தியிருப்பேன், அது கூட்டத்தோடு திரும்பி வந்திருக்கும். காலையில் என் வீரனுக்குப் பலம் முழுதாகத் திரும்பியிருந்தது. மலை ஏறும்போது பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

உன்னைப் பற்றித்தான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ கிளம்பியபோது உன்னிடம் என்னென்ன திறமை இருந்தது என்று ஒரு தடவையாவது கேட்டேனா? பெட்டியில் போர்வை வைத்தாயா, மாத்திரை வைத்தாயா என்றுதான் கேட்டேன். அங்கே ஏறுவதையும் நிறுத்துவதையும், கத்துகிறவனிடம் முடியாது என்று சொல்வதையும் நீயே கற்று வைத்திருக்கிறாய். அதில் எதையும் நான் இங்கிருந்து பிடித்துக்கொண்டிருக்கவில்லை. பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது, அவ்வளவுதான்.

கையெழுத்துப் போடு பாப்பா. பெரிய கிரேனில் ஏறு. எனக்குச் சந்தோஷம்தான். கொஞ்சம் அழுகையும் வருகிறது, அதை நீ கண்டுகொள்ளாதே. இரண்டு வருடம் என்பது பெரிய காலமில்லை என்று எழுத நினைத்தேன், பொய் எழுத வரவில்லை. எனக்கு அது பெரிய காலம்தான். இருந்தாலும் போடு.

நல்ல காற்றும் நல்ல கூட்டாளிகளும் உனக்கு அமையட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. “இறங்கிட்டேன்” என்று வழக்கம்போல அனுப்பு. நான் காலையில் எழுந்து பார்த்துக்கொள்கிறேன்.

என்றும் உன்
அப்பா