உஷாராணி வீட்டு முட்டை

4 ஜூன் 2024, செவ்வாய்

கிள்ளான் மையத்தில் டயாலிசிஸ் தொடங்கி இன்றோடு மூன்று மாதம். நான்கு மணி நேரம் படுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் யுகேந்திரன் தட்டை எடுத்து வைத்திருந்தார். சோறு, கோஸ் பொரியல், விரலளவு மீன். இரண்டு வருடமாக இதே அளவுதான். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியபோது புரதத்தைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். சொன்னது என்னிடம். பிடித்துக்கொண்டது என் வீட்டுக்காரர்.

அந்த விரலளவும் இறங்கவில்லை.

6 ஜூன், வியாழன்

மையத்துக்குப் புதிய டயட்டீஷியன் வந்திருக்கிறாள். நிலானி, பிரிக்பீல்ட்ஸ் பெண், முப்பது வயது இருக்கலாம். என் ரத்தச் சோதனைத் தாளைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து மேல்சதையை அழுத்திப் பார்த்தாள். ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் இருபத்தேழு, முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். கால் வீங்குவதற்கு அதுவும் ஒரு காரணமாம். நான் தண்ணீரை மட்டுமே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஆன்டி, இனிமே புரதத்தக் கூட்டணும். இப்ப சாப்பிடறதுல ரெண்டு மடங்கு."

காதில் சரியாக விழவில்லையோ என்று மறுபடி கேட்டேன். அதையேதான் சொன்னாள்.

7 ஜூன், வெள்ளி

அவரிடம் சொன்னேன். முடிக்கக்கூட விடவில்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன அனுபவம், பெரிய டாக்டர் அவர் வாயால் சொன்னதை நேற்று வந்தவள் மாற்றுவாளா என்று கேட்டுவிட்டு லோரி சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபமில்லை. பயம். அது எனக்குத் தெரியாதா?

ஆனால் எனக்கும் பயமாகத்தானே இருக்கிறது. இன்று துணி காயப்போடும்போது ஈரப் போர்வையைத் தூக்க முடியவில்லை. வாளியிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

10 ஜூன், திங்கள்

பக்கத்து வீட்டு உஷாராணியிடம் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை, உடனே அடுப்பில் முட்டையைப் போட்டாள். இரண்டு முட்டை வெள்ளை. மஞ்சள் கருவில் பாஸ்பரஸ் அதிகம் என்று நிலானி சொன்னதால் அது உஷாராணிக்கு. உப்பில்லாமல் மிளகு மட்டும் தூவி, நின்றபடியே சாப்பிட்டேன். ஐம்பது வயதில் திருட்டுத் தீனி.

11 ஜூன், செவ்வாய்

இன்றும் இரண்டு.

22 ஜூன், சனி

பன்னிரண்டு நாளாக நடக்கிறது. இன்று டயாலிசிஸ் முடிந்ததும் தலை சுற்றவில்லை. முட்டையாலா, தற்செயலா, தெரியவில்லை. வீட்டில் அவர் வைக்கும் தட்டையும் காலி செய்தேன். அவர் சந்தோஷப்பட்டார். அதுதான் உறுத்துகிறது.

26 ஜூன், புதன்

மாட்டிக்கொண்டேன்.

காலையில் அவர் வீட்டில் இருந்ததால் நான் பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை. உஷாராணி டப்பாவோடு வாசலுக்கே வந்துவிட்டாள். "அக்கா, நீ வரலயேன்னு கொண்டாந்தேன்லா" என்றாள். பிறகுதான் அவரைப் பார்த்தாள்.

அவர் டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷமா நான் எதுக்கு உன் தட்டப் பார்த்துக்கிட்டு இருந்தேன் மாதவி?"

நாளைக்கு என்னோடு வாங்க, அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே கேளுங்க என்று மட்டும் சொன்னேன். முட்டையை அவர் முன்னாலேயே சாப்பிட்டேன்.

27 ஜூன், வியாழன்

வந்தார். கைகட்டிக்கொண்டு பரீட்சை வைப்பவர்போல் உட்கார்ந்தார். நிலானி அவசரப்படாமல் விளக்கினாள். நாம் சாப்பிடும் மீனும் முட்டையும் வயிற்று அமிலத்திலும் குடலிலும் சின்னச் சின்னத் துணுக்குகளாக உடைந்து ரத்தத்தில் சேர்கின்றன. அந்தத் துணுக்குகளை வைத்துத்தான் உடம்பு சதை கட்டுகிறது, புண் ஆற்றுகிறது. மிஞ்சும் கழிவைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டும். என் சிறுநீரகம் திணறியதால்தான் அன்றைக்குப் புரதத்தைக் குறைத்தார்கள். இப்போது கழிவை எடுப்பது மெஷின். ஆனால் மெஷினுக்கு நல்லது கெட்டது தெரியாது. கழிவோடு நல்ல துணுக்குகளையும் கழுவிக்கொண்டு போய்விடும். தட்டிலிருந்து வராவிட்டால் உடம்பு தன் சதையையே உடைத்து எடுத்துக்கொள்ளும்.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எப்போதிலிருந்து கூட்டியிருக்க வேண்டும்? டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்து, என்றாள்.

காரில் பண்டமாரான் வீட்டுக்குத் திரும்பினோம். வீட்டு வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டு, "அப்ப நாந்தான் உன்ன இப்படி இளைக்க வச்சிட்டேனா?" என்றார்.

"ரெண்டு வருஷம் மெஷின் இல்லாம இருந்தேனே, அது யாரால? நீங்க பார்த்துக்கிட்டதாலதான். அப்ப அது சரி, இப்ப இது சரி."

அவர் தலையை ஆட்டினார். இறங்கவில்லை. நான் இறங்கிப் போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

30 ஜூன், ஞாயிறு

அவரே பாசார் சந்தைக்குப் போய்க் கெம்போங் மீன், கோழி நெஞ்சுக்கறி, ஒரு தட்டு முட்டை வாங்கி வந்தார். முப்பது! குளிர்பெட்டியில் இடமில்லை. உஷாராணி வீட்டுக்குப் பத்து போனது. இத்தனை நாளில் அவள் எனக்குக் கொடுத்ததைவிட இது குறைவுதான்.

18 ஜூலை, வியாழன்

ஆல்புமின் முப்பது. மூன்று கூடியிருக்கிறது.

9 ஆகஸ்ட், வெள்ளி

இன்று ஒரு தகராறு. பெரிய துண்டு மீனை வைத்து, முழுதும் சாப்பிடாமல் எழக்கூடாது என்றார். குறைக்கும்போது என்ன காவலோ, கூட்டும்போதும் அதே காவல். வயிறு ஏற்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு, "என் வயிறுங்க இது" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. சாயங்காலம் மீனை இரண்டாக நறுக்கி, பாதியை மூடி வைத்திருந்தார். மீதியை எப்போது வேண்டுமோ அப்போது எடுத்துக்கொள் என்றார். எடுத்துக்கொண்டேன்.

17 செப்டம்பர், செவ்வாய்

புரட்டாசி பிறந்தது. மீன் முட்டை இல்லாமல் ஒரு மாதமா என்று அவர் முகம் வாடியது. நிலானியிடம் கேட்டேன். தோஃபு, புளிக்கவைத்த சோயாவில் செய்த தெம்பே, அளவோடு பருப்பு, சாப்பாட்டோடு பாஸ்பரஸைப் பிடிக்கும் மாத்திரையை மறக்காமல் மெல்ல வேண்டும், அவ்வளவுதான் என்றாள். தெம்பே சம்பல் செய்தேன், உப்பைக் குறைத்து. அவர் மூன்று முறை போட்டுக்கொண்டார். அவருக்கு யார் புரதம் கூட்டச் சொன்னார்கள்?

10 அக்டோபர், வியாழன்

முப்பத்தாறு. நிலானி தாளில் வட்டம் போட்டுக் கொடுத்தாள். கால் வீக்கம் வடிந்து பழைய செருப்பு நுழைகிறது.

23 அக்டோபர், புதன்

இரண்டு வருடமாக வெளியூர் ஓட்டத்துக்குப் போகாதவர் இன்று விடியற்காலையில் ஜோகூருக்கு லோரியை எடுத்தார். போகலாமா என்று நேற்று நாலு தடவை கேட்டார். போங்க என்றேன்.

மத்தியானம் யோங் பெங்கிலிருந்து கூப்பிட்டார். ஹைவேயில் மழை, டோலில் நெரிசல், கடையில் மீகூன் சேமியா சரியில்லை, பக்கத்தில் நிற்கும் லோரிக்காரர் டெங்கில்காரராம், நல்ல மனுஷராம். பேசிக்கொண்டே போனார். எவ்வளவு நாளாயிற்று இவர் இப்படிப் பேசி. பிறகு, சரி வச்சிடறேன் என்று வைத்துவிட்டார்.

நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்கவே இல்லை.

போனை மேசைமேல் வைத்தேன். பிறகு போய்ச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். குழம்பு இன்று நன்றாக வந்திருந்தது.