ஏழாம் அத்தியாயத்துச் செப்பேடு

பாய்,

இன்று காலை ராஜபாளையத்தில், பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்து கிடந்த மாத நாவல்களைக் கிளறிக்கொண்டிருந்தேன். முதுகு பிரிந்த ஒன்றைத் திறந்தபோது ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. "கிணற்றின் உட்சுவரில், நீர்மட்டத்துக்கு ஏழு அடி மேலே, ஒரு கல்லை அகற்றியபோது செப்பேடு ஒன்று தென்பட்டதாகக் கூறப்படுகிறது." திகில் நாவலில் யார் இப்படி எழுதுவார்கள்? கற்பனையைக்கூடக் 'கூறப்படுகிறது' என்று முடிக்கிற ஆள் நான் ஒருவன்தான். அது என் வாக்கியம். உங்கள் பைண்டிங் கடையில் உட்கார்ந்து, உங்கள் கதைக்காக எழுதிக் கொடுத்தது.

அட்டையில் ஏதோ ஒரு பெண்ணின் பெயர். அச்சான ஆண்டு தொண்ணூறுகளின் நடுவில். அப்படியானால் உங்கள் நாவல் வெளிவந்திருக்கிறது. அது வெளிவரவே இல்லை என்றும், அதற்குக் காரணம் நான்தான் என்றும் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். புத்தகத்தை வாங்கி வந்து, மதியச் சாப்பாட்டையும் மறந்து வாசித்து முடித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது உங்கள் கடை. மைதா பசையும் அதில் கலக்கும் மயில்துத்தமும் சேர்ந்து ஒரு வாசனை. நான் அப்போது ஒரு பேப்பருக்கு உள்ளூர் நிருபர். மதுரை அலுவலகத்துக்குச் சாயங்கால பஸ்ஸில் செய்திக் கவரைக் கொடுத்தனுப்புவது என் அன்றாட வேலை. பஸ் வரும்வரை உங்கள் மேசையின் ஒரு ஓரத்தில் நான் செய்தி எழுதுவேன். மறு ஓரத்தில் நீங்கள் தைப்பீர்கள். கோவில் கைங்கரியத்தில் இருந்த வீடுகளிலிருந்து பரம்பரை நோட்டுப் புத்தகங்கள் உங்களிடம் பைண்டிங்குக்கு வரும். பக்க எண் இருக்காது. தாள்கள் இடம் மாறிக் கிடக்கும். வரிசைப்படுத்த வேண்டுமென்றால் வாசித்தாக வேண்டும்.

"வாசிக்காம ஒட்டுனா தாத்தனுக்கு முன்னாடி பேரன் பொறந்துருவான் அண்ணாச்சி" என்பீர்கள்.

அப்படி வாசித்து வாசித்துத்தான் உங்களுக்குள் அந்தக் கதை முளைத்தது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்து படை வருகிறது. உற்சவ மூர்த்தியைத் துணியில் சுற்றி மலைக்குத் தூக்கிப் போகிறார்கள். இடத்தைச் செப்பேட்டில் பொறித்து ஒரு பாழ்மண்டபத்துக் கிணற்றில் ஒளிக்கிறார்கள். அந்த மண்டபத்துக்குக் காவலாக ஒரு குடும்பம், தலைமுறை தலைமுறையாக, ஏன் என்று வெளியே சொல்லாமல். இன்றைய காலத்தில், அந்தக் கிணற்றைச் சொல்லும் சுவடி ஒன்றின் பாதி ஓலையோடு ஒரு பெண் பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். அவளுக்குப் பின்னால் வெள்ளை அம்பாசிடர் ஒன்று வருகிறது. நீங்கள் தைத்துக்கொண்டே சொல்வீர்கள். கார்க் கதவு திறக்கிற இடத்தில் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "செத்த நேரம் பொறுங்க, பசை காயுது" என்று எழுந்து போய்விடுவீர்கள். மேற்கே மலை மேகத்துக்குள் மறைந்துகொண்டிருக்கும். அந்தப் பெண் அங்கேதான் எங்கோ நடந்துகொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றும்.

எழுதுவது நீங்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. "கோவில் கதைய பாய் எதுக்கு எழுதுதாருன்னு அவியளும் கேப்பாக, எங்காளுகளும் கேப்பாக. பொம்பளப் பேருன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாக" என்றீர்கள். மதுரைப் பதிப்பகத்துக்கும் அதே பஸ்ஸில்தான் அத்தியாயம் அத்தியாயமாகக் கவர் போகும்.

ஏழாம் அத்தியாயத்தில் பத்திரிகைச் செய்தி ஒன்று வரவேண்டியிருந்தது. "நான் எழுதுனா கதை மாதிரி இருக்கு. நீங்க எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். எனக்கு 'ஓர் ஊரில்' என்று எழுத வராது. செண்பகத்தோப்பு போகும் வழியிலுள்ள பாழ்மண்டபம் என்று இடத்தைச் சுட்டி எழுதினேன். எழுதியது, செய்தி எழுத அலுவலகம் கொடுத்திருந்த தாளில். மேலே ஊரும் தேதியும், கீழே என் சுருக்கொப்பம், எல்லாம் கைப்பழக்கத்தில். என் உண்மையான செய்தியும் அதே தாளில், அதே மேசையில் கிடந்தது. தண்ணீர் வராததால் பெண்கள் காலிக் குடங்களோடு மறியல் செய்த செய்தி. பசை உங்களிடம் இருந்ததால் இரண்டு கவரையும் ஒட்டுவது எப்போதும் உங்கள் வேலை.

மறுநாள் காலை டீக்கடையில் பேப்பரைப் பிரித்தேன். மூன்றாம் பக்கத்தில், நான்கு பத்தி அகலத்துக்கு, செப்பேடு.

உங்கள் பதிப்பகத்திலிருந்து இரண்டு நாள் கழித்துக் கார்டு வந்தது. ஏழாம் அத்தியாயத்தில் பெண்கள் திடீரென்று குடத்தோடு ரோட்டில் உட்காருவது நல்ல திருப்பம்தான், ஆனால் கதையோடு ஒட்டவில்லை என்று எழுதியிருந்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் நாம் அதற்கு ஒரு வாரம் சிரித்திருப்போம்.

செய்தி வந்த அன்றே மண்டபத்துக்கு ஓடினேன். நான் போனபோது நாற்பத்திரண்டு பேர் இருந்தார்கள், எண்ணினேன். கடப்பாரை, மண்வெட்டி, ஒருவர் கையில் கற்பூரத் தட்டு. "புரளிய்யா, ஒண்ணும் கிடையாது" என்று கத்தினேன். "பேப்பர்ல போட்டவன் பொய்யா சொல்லுவான்? நீரு யாருவே?" என்றார் ஒருவர். இன்னொருவர், "இவரு தனியா வந்து எடுக்கலாம்னு பாக்காரு" என்றார். மகாராஜபுரத்திலிருந்து சைக்கிளில் வந்த ஒருவர் கயிற்றில் கிணற்றுக்குள் இறங்கி, ஏழு அடி அளந்து, ஒரு கல்லை நெம்பினார். அங்கே எதுவும் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். ஆனாலும் பாய், அந்தக் கல் அசைந்தபோது கூட்டம் முழுதும் மூச்சைப் பிடித்தது. நானும் பிடித்தேன். கல்லுக்குப் பின்னாலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று வந்து முகத்தில் பட்டது போலிருந்தது. இன்றும் சில நாள் கனவில் அந்தக் கல் அசைகிறது.

கல்லோடு சுவரும் சரிந்தது. மகாராஜபுரத்துக்காரருக்குக் கால் முறிந்தது. அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு எனக்குத் தந்தி வந்தது.

"நானே மதுரைக்கு வந்து சொல்லுதேன் அண்ணாச்சி. கவரை ஒட்டுனது நான். தப்பு என்னுது" என்றீர்கள்.

"வந்து என்ன சொல்லுவீக? கதை எழுதுதேன்னா? ஏற்கெனவே ஒருத்தன் கால் போயிருச்சு. உங்க பேரு வெளிய வந்தா என்ன ஆகும்?"

"வந்தா வரட்டும்."

அப்போதுதான் அதைச் சொன்னேன். உங்கள் பெயருக்காகப் பயந்தது போல ஆரம்பித்துவிட்டு, என் பயத்தைச் சொன்னேன். "நாவல் வந்து, அதுல இதே செய்தியும் இருந்தா, புஸ்தகம் விக்க நானே கூட்டு சேர்ந்து போட்டேன்னு சொல்லிருவாக. என் வேலை போயிரும் பாய். நாவல் வேண்டாம். அம்புட்டையும் திருப்பி வாங்கிருங்க."

நீங்கள் கையிலிருந்த பசையைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். துடைத்து முடிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"கடைசி அத்தியாயம் மட்டுந்தான் பாக்கி" என்றீர்கள். பிறகு, "சரி அண்ணாச்சி. பேப்பர் உங்களுக்குச் சோறு. எனக்கு இது சும்மா பொழுதுபோக்குதான" என்றீர்கள்.

பொழுதுபோக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன். தாள்கள் இடம் மாறிவிட்டதாகவும், அது செய்தியல்ல என்றும் விளக்கம் எழுதினேன். பேப்பரில் வருத்தம் தெரிவித்து இரண்டு வரி வந்தது. வேலை தப்பியது. ஒரு வாரத்தில் பதிப்பகத்திலிருந்து உங்கள் கட்டு திரும்பி வந்ததைப் பார்த்தேன். அதன் பிறகு அந்தக் கதையைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நீங்கள் இறந்து, உங்கள் மையத்து அடக்கத்துக்கு வந்தபோதும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

இன்று கடைசி அத்தியாயத்தை வாசித்தேன். அந்தப் பெண் செப்பேட்டை எடுத்து, அது சொல்லும் குகையைத் தேடிப் போகிறாள். குகை காலி. மூர்த்தி எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, படை திரும்பிய சில வருஷங்களில், ஊருக்கு வந்துவிட்டார். நாள் தவறாமல் பூசையும் நடந்துகொண்டிருக்கிறது. காவல்காரக் குடும்பத்துக்குச் சொல்லத்தான் யாருக்கும் தோன்றவில்லை. கடைசிக் காவல்காரரிடம் அவள் இதைச் சொல்கிறாள். அவர் கோபப்படவில்லை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு முதல் முறையாகச் சாமி பார்க்கக் கிளம்புகிறார்.

ஊர்ப் பெயரைத் தவிர என் செய்தியில் ஒரு எழுத்தை நீங்கள் மாற்றவில்லை. 'மலையடிவாரக் கிராமம் ஒன்றில்' என்று போட்டிருக்கிறீர்கள். அந்த மண்டபத்தை இனி யாரும் தோண்ட மாட்டார்கள். எனக்கும் ஒன்றும் வராது. எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்திருக்கிறீர்கள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்பதுதான் முதலில் புரியவில்லை. அட்டையில் இருந்த மாதத்தைத் திரும்பப் பார்த்தேன். நவம்பர். அந்த வருஷத்துக் கார்த்திகை மழை.

அந்த மழை நினைவிருக்கிறது. பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் ஒதுங்கி நின்று இரண்டு பேரும் டீ குடித்தோம். தலைக்கு மேலே கயிற்றில் மாத நாவல்கள் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கின. நீங்கள் என்றுமில்லாமல் கேட்டீர்கள்: "அண்ணாச்சி, இப்பல்லாம் கதை கிதை எதும் வாசிக்கியளா?"

"எங்க பாய்? நேரம் ஏது?" என்றேன்.

ஊரெல்லாம் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் நான். ஏன் கேட்கிறீர்கள் என்று உங்களிடம் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. நிமிர்ந்து மேலே பார்த்திருந்தாலும் போதும். நீங்கள் சிரித்தீர்கள். "பொறவு ஒரு நாளைக்கு வாசிங்க" என்று சொல்லிவிட்டு, மழை குறையும் முன்பே இறங்கிப் போய்விட்டீர்கள்.

அந்தக் கேள்வி இப்போது என்னிடம் இருக்கிறது. வாசித்துவிட்டேன் பாய். கார்க் கதவு திறக்கிற இடத்தில் மட்டும், பழக்கத்தில், நிறுத்திவிட்டுச் செத்த நேரம் பொறுத்தேன்.