பசியாறிவிட்டுத் தூங்கப் போகிறவன்

இன்று காலை கிள்ளானில் நாம் பசியாறும் கடையில் ரொட்டிக் கல்லிலிருந்து நெய் கருகும் வாசம் வந்தது. கடைக்காரர் வழக்கம்போல, "பசியாற என்ன வேணும் அண்ணே?" என்றார். எதிரே உன் நாற்காலியில் யாரோ ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் உட்காராதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம்?

பள்ளிப் பிள்ளைகளை வேனில் இறக்கிவிட்டு நான் வருவேன். தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, கண் சிவந்து, நீ பஸ்ஸிலிருந்து இறங்குவாய். எனக்கு நாளின் முதல் தேநீர், உனக்குக் கடைசி. மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்ட நான் ஞாயிறு பத்திரிகைக்குக் கதை எழுதுகிறேன் என்றபோது நீ ஒருவன்தான் சிரிக்கவில்லை. சிரிப்பைக் கதையைப் படிக்கும்வரை சேர்த்து வைத்துக்கொண்டாய்.

"மச்சான், உன் கதையில எல்லாருக்கும் பல்லு ரொம்ப சுத்தம்லா. எழுந்தான், பல்லு விளக்குனான், குளிச்சான், சாமி கும்பிட்டான், பசியாறுனான். அதுக்குள்ள பாதிக் கதை போயிருது."

"மனுசன் காலையில அதானே செய்யிறான்?"

"எந்த மனுசன்? நான் பசியாறிட்டுத் தூங்கப் போறவன். என்னை எங்கயாவது எழுதியிருக்கியா?"

உன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தின்றேன். நீ விடவில்லை. "வேலை முடிஞ்சு வர்றவன வச்சு ஒண்ணு ஆரம்பிலா. அச்சுல வந்தா என் பொண்டாட்டிகிட்ட காட்டணும். பகல் பூரா தூங்குறான்னு அவ ஆளுங்க ஏசுறாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் சீனி கரைந்து வெகுநேரமாகியும் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாய்.

எழுத உட்கார்ந்தேன். வேலை முடிந்து வருகிறவனுக்கு முதல் வரி எது என்று பிடிபடவில்லை. பார்க்கும்போதெல்லாம் கேட்பாய்: "என்ன மச்சான், இன்னும் என்னை பஸ்ஸவிட்டு இறக்கலையா?"

பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது. ஜன்னலில் கறுப்புத் துணி போட்ட அறையில் நீ படுத்திருந்தாய். உன் தூக்கம் கலையக் கூடாது என்று உன் மனைவி மிக்ஸியைக்கூடப் போடவில்லையாம். மாலையில் தொழிற்சாலை பஸ் கீழே வந்து ஹார்ன் அடித்தபோதுதான் உன்னை எழுப்பப் போயிருக்கிறாள்.

"தூக்கத்துலயே போயிட்டாரு, கொடுத்து வச்சவரு" என்றார்கள் வந்தவர்கள். கொடுத்தது யார், வாங்கி வைத்துக்கொண்டது யார் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. தொழிற்சாலை அனுப்பிய மலர்வளையத்தில் உன் பெயரில் ஓர் எழுத்து தப்பு. இத்தனை வருடம் உழைத்தவனுக்கு எழுத்துகூடச் சரியாகக் கிடைக்கவில்லை. தூங்குமூஞ்சி என்று ஏசியவர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்து அழுதார்கள். நான் அழவில்லை. அவர்களுக்குத் தேநீர் கலக்கிக் கொடுத்தேன், சீனி போடாமல். என் வீரம் அவ்வளவுதான்.

உன் கதையை இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். பஸ்ஸில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று பேனாவை எடுக்கிறேன், கை கேட்பதில்லை. நேற்றும் முதல் வரியிலேயே நீ காலையில் எழுந்துவிட்டாய். எழுந்து, ஜன்னல் துணியை நீயே இழுத்துவிடுகிறாய். "இன்னும் கொஞ்சம் படுக்கலாம்ல?" என்கிறாள் உன் மனைவி. "போதும், நல்லாத் தூங்கிட்டேன்" என்கிறாய்.

வரியை அடித்துவிடப் பார்த்தேன். மனம் வரவில்லை. படிக்கிறவர்கள் கொட்டாவி விடட்டும். நீ பல் விளக்கு, குளி, நிதானமாக உட்கார்ந்து பசியாறு. உன்னை வேலைக்கு அனுப்புகிற வரியை நான் எழுதப் போவதில்லை.