மேசை மேல் ஓர் ஆறு

1974 ஜூன் 3

பீன்ஸ் செடிக்குக் குச்சி நட்டேன். மழை. நான் தோட்ட வேலை செய்கிற பங்களாவின் துரை கொடுத்த போன வருஷத்து டைரியில்தான் எழுதுகிறேன். அச்சிட்ட கிழமை ஒரு நாள் பிந்தியிருக்கிறது, தேதியை மட்டும் நம்ப வேண்டும்.

மத்தியானம் டக்ளஸ் துரை ஹாலுக்குக் கூப்பிட்டார். பட்டாளத்தில் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஈயச் சிப்பாய்களை வைத்து மேசை மேல் யுத்தம் நடத்துகிறார். ஒவ்வொரு சிப்பாயும் சுண்டுவிரல் உயரம். பகடை உருட்டி, நாடா பிடித்து அளந்து, எந்தச் சிப்பாய் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று பார்க்கிறார். வயது அறுபத்து நான்கு. நான் சிரிக்கவில்லை. எனக்கு வேலை வேண்டும்.

எதிராளி, வெலிங்டனில் இருக்கிற ஒரு கர்னல். அவரும் ஓய்வு பெற்றவர்தான். போன மாதம் துரை மேசையில் நீலக் காகிதத்தை ஒட்டி, இதுதான் ஆறு என்றிருக்கிறார். "ஆறு தரைக்கு மேல கிடக்குதே டக்ளஸ்! என் ஆளுங்க இதுல முழுக மாட்டாங்க, தடுக்கித்தான் விழுவாங்க" என்றாராம் கர்னல். இதை என்னிடம் சொல்லும்போதே துரைக்குக் காது சிவந்துவிட்டது.

"நீ சிலோன்ல என்ன வேலை பார்த்தே மேன்?"

"கான் வெட்டுக் கங்காணிங்க தொரை. இருபத்திரண்டு வருஷம்."

கான் என்றால் இங்கே பலருக்குப் புரிவதில்லை. தேயிலைச் சரிவில் மழைத் தண்ணீர் மண்ணை வாரிக்கொண்டு போகாமல் வெட்டுகிற வடிகால். துரைக்குப் புரிந்தது.

"அப்போ எனக்கு ஒரு ஆறு செய். ரெண்டு பதுங்கு குழி. எல்லாம் தரைக்குக் கீழே இருக்கணும். ஜூலை இருபது சண்டை. நல்லா வந்தா பின்னாடி ரூம் உனக்கு. பெண்டாட்டி புள்ளையைக் கூட்டிட்டு வந்துடு மேன்."

கப்பல் இறங்கிப் பத்து மாதம். நான் இங்கே குன்னூரில் மண்வெட்டிகளோடு கொட்டகையில் படுக்கிறேன். தெய்வம்மாவும் மகளும் நெல்லியாளத்தில் அவள் அண்ணனுடைய ஒற்றை அறையில், பதினொரு பேரோடு.

ஜூன் 4

மேசையில் உளி வைத்தேன். ஒரு சாண் நீளம், அரை விரல் ஆழம். நல்ல தேக்கு.

பியாட்ரிஸ் அம்மா பார்த்துவிட்டார்.

ஜூன் 5

பியாட்ரிஸ் அம்மா துரையின் அக்கா. வீட்டுச் சாவிக்கொத்து அவரிடம்தான், பின்னறைச் சாவி உட்பட. அந்த மேசை அவர்களுடைய தாயாரின் சாப்பாட்டு மேசையாம். எனக்கு யார் சொன்னார்கள்? தரைக்குக் கீழே வேண்டுமென்றால் தோண்டாமல் வேறு என்ன செய்வது? கான் வெட்டுறவன்கிட்ட குழி கேட்டா வெட்டத்தானே செய்வான்! இவ்வளவு சத்தம் போடணுமா?

போடத்தான் வேண்டும். என் தாயார் விட்டுப்போன மேசையாக இருந்தால் நான் உளியைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

அம்மா என்னிடம் பேசுவதில்லை. சமையல்காரர் சுப்பண்ணன் மூலம் சொல்லி அனுப்பினார். "ஏனுங்க வீரையா, இன்னொரு கீறல் உளுந்தா நீங்க மூட்டையக் கட்டோணுமாமுங்க" என்றார் சுப்பண்ணன். அதோடு விட்டாரா? "நாளைக்குக் கட்டில் மேல கெணறு வெட்டுவீங்களா?" என்று தன் பங்குக்கும் ஒன்று கேட்டார்.

ஜூன் 6

களை எடுத்தேன். மேசையையும் தோண்டக் கூடாது, ஆறும் பள்ளத்தில் இருக்க வேண்டும். எப்படி?

ஜூன் 7

களை எடுத்தேன். எப்படி?

ஜூன் 9

பழைய தேயிலைப் பெட்டிகளை உடைத்து விறகாக்கச் சொன்னார் சுப்பண்ணன். இரண்டு பலகைகளைக் கொல்லையில் பக்கத்துப் பக்கத்தில் போட்டேன். நடுவில் நாலு விரல் இடைவெளி. மழை பிடித்தது. தண்ணீர் அந்த இடைவெளியில் சமர்த்தாக ஓடியது. நான் வாயைப் பிளந்துகொண்டு நனைந்தேன்.

பள்ளத்தைத் தோண்டவே வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் உயர்த்திவிட்டால் மிச்சம் இருப்பது பள்ளம்தான்! இருபத்திரண்டு வருஷம் மண்ணைக் கிளறியவனுக்கு இது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. விறகு கிடையாது என்று சுப்பண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

ஜூன் 17

மேசைக்குக் கீறல் விழாமல் முதலில் கம்பளி விரித்தேன். அதன் மேல் பெட்டிப் பலகை மூன்று அடுக்கு, மைதாப் பசை. ஆறும் பதுங்கு குழிகளும் வருகிற இடத்தில் பலகை இல்லை. கரைக்கு மரத்தூள். மண்ணுக்குத் தேயிலைத் தூள். புல்லுக்குக் கல்சுவரில் சுரண்டிய பாசி. பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஈயத்தாளை உரித்து ஆற்றின் அடியில் விரித்தேன். தண்ணீராகவே மினுங்குகிறது. இணைப்புகளில் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினேன். எதற்கு மெழுகு? ஒழுகுகிற கானை நான் விட்டுவைத்ததில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 23

துரை ஒரு பொம்மைப் பீரங்கிக் குண்டை ஆற்றில் வைத்தார். அது உருண்டு மேசை ஓரத்துக்குப் போய்க் கீழே விழுந்தது.

"ஆறு ஏன் மேன் சாயுது?"

"ஓடணுமில்லைங்களா தொரை?"

"இது விளையாட்டு ஆறு! ஓட வேண்டாம்!"

சரிங்க தொரை என்றேன். மேல்முனையில் ஈயத்தாளுக்கு அடியில் மரத்தூள் கூட்டிச் சரிவு கொடுத்திருந்தேன், அதை மாற்றவில்லை. ஓடாத கானைச் செய்துவிட்டு நான் எப்படிச் சோறு தின்பது? சாயங்காலம் முழத்துக்கு ஒரு வண்டல் குழியும் வைத்தேன், தண்ணீர் கொண்டுவரும் மண் தங்குவதற்கு. அது என்ன என்று துரை கேட்டார். விளக்கினேன். பாதியிலேயே, "குதிரை விழற குழி! பிரமாதம்!" என்று கைதட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஜூலை 2

தெய்வம்மாவின் கடிதம். "அண்ணி வாய் தொறந்து ஒண்ணும் சொல்லல. நான் ஒலை வச்சா மட்டும் மூடியத் தொறந்து பாக்குறாங்க. நாங்க வாறதா வேணாமா, ஒரே வார்த்தையில எழுதுங்க."

எழுதவில்லை. என்னவென்று எழுத?

ஜூலை 20

ஒன்றும் விடாமல் எழுத வேண்டும்.

கர்னல் வந்தார். ஆற்றைக் குனிந்து பார்த்தார், விரலை விட்டு ஆழம் பார்த்தார். துரை என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஆற்றின் கீழ்முனைப் பக்கம் கர்னல் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாடா பிடிக்க என்னை நிறுத்தினார்கள்.

ஒரு மணி நேரத்தில் கர்னலின் ஈயக் குதிரைகள் ஆற்றில் இறங்கிவிட்டன. பியாட்ரிஸ் அம்மா டீ கொண்டுவந்தார். என்னைப் பார்க்காமலே, மேல்முனையில் பலகை அடுக்கிய குன்றின் மேல் டீ ஜாடியை வைத்தார். வேறு இடம் இல்லை, எங்கும் சிப்பாய்கள். துரைக்குப் பகடையில் ஆறு புள்ளி விழுந்தது. சின்னப் பையனைப் போலத் துள்ளினார். முழங்கை பட்டு ஜாடி சாய்ந்தது.

கடவுளே, அந்த டீ ஓடிய அழகு! முதல் குழி நிரம்பியது, இரண்டாவது நிரம்பியது. வளைவில் தயங்கி, திரும்பி, வேகம் பிடித்தது. கரை எங்கும் உடையவில்லை. கர்னலின் ஏழு குதிரைகளைச் சாய்த்து, மேசை ஓரத்துக்கு வந்து—

கானுக்கு ஒரு வாய் இருக்க வேண்டும் என்று ஓரம் வரை திறந்துவிட்டிருந்தேன். வாய்க்கு நேராகக் கர்னலின் மடி.

கர்னல் போட்ட சத்தம் பஜார் வரை கேட்டிருக்கும். "வெள்ளம்! ஏழு குதிரை அவுட்!" என்று துரை கத்தினார். "ரூல்ஸ்ல டீ கிடையாது!" என்று கர்னல் கத்தினார். போச்சு, ரூம் போச்சு, தெய்வம்மாவுக்கு என்ன பதில் சொல்லுவேன்?

பியாட்ரிஸ் அம்மா மட்டும் கத்தவில்லை. பலகையைத் தூக்கச் சொன்னார். கம்பளியை விலக்கி, மேசையை உள்ளங்கையால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவினார். உலர்ந்திருந்தது.

"ஒரு ஜாடி டீ, வீரையா. ஒரு சொட்டுகூட கீழே இறங்கலையே?" ஆறு வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"கான்ல விழுந்தா கான்லதாங்கம்மா போகும்."

கர்னலின் மடியைப் பார்த்தார். பிறகு சிரித்தார், உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கர்னல் துரையின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். சண்டை முடியவில்லை.

ஜூலை 21

பின்னறைச் சாவி கிடைத்தது. தபாலாபீசுக்கு ஓடினேன். தந்தி: "வா."

ஜூலை 30

நேற்று ஹாலைத் துடைக்க வந்த தெய்வம்மா ஆற்றை வெகுநேரம் பார்த்தாள். பாராட்டுவாள் என்று நின்றுகொண்டிருந்தேன். "கானெல்லாம் சரி. கொழுந்துக் கூடையோட ஒரு பொம்பளை இதை எங்கிட்டு தாண்டுவா?" என்றாள். பதினாறு வருஷம் கொழுந்து எடுத்தவள். தீக்குச்சிகளைச் சேர்த்து ஒட்டி, வளைவுக்குப் பக்கத்தில் அவளே ஒரு நடைபாலம் போட்டாள்.

துரை கண்டுபிடித்துவிட்டார். "யார் மேன் இங்கே பாலம் போட்டது?"

"எங்க வீட்டுலங்க தொரை."

குனிந்து பார்த்தார், நாடாவால் அளந்தார். இன்று காலை முழுக்க அவருடைய பட்டாளம் வரிசையாக அதன் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.