உங்கள் மரண அறிவித்தலைப் படித்துவிட்டுக் கார் வாங்க வந்தவன்

என்றும் என் அன்புக்குரிய அப்பா,

இது கோபத்தோடு எழுதும் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருந்திருந்தால், "முதல் தண்ணியைக் குடி பிள்ளை, பிறகு கதை" என்று சொல்லியிருப்பீர்கள். தண்ணீர் குடித்துவிட்டேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது.

உங்கள் மொரிஸ் மைனரை ஒருவன் அடித்துக்கொண்டு போகப் பார்த்தான். மதில் ஏறிக் குதித்து வந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திராது. கள்வன் என்றால் அப்படித்தான் வருவான் என்று விட்டிருப்பேன். இவன் உங்கள் மரண அறிவித்தலை வரிவரியாகப் படித்துவிட்டு, உங்களை மாமா என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

முதலில் வீட்டு நிலைமையைச் சொல்ல வேண்டும். அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டா. அரசாங்க ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துப் பொருத்தினார்கள், சரிவரவில்லை. இனி இடுப்பு மூட்டையே மாற்ற வேண்டும், பிரைவேட்டில்தான் செய்யலாம் என்கிறார்கள். இல்லாவிட்டால் கட்டிலோடுதான். உங்களுக்குத் தெரியாதா, ஒரு நிமிஷம் சும்மா இருக்காத மனுசி. இப்போது குசினியில் நான் என்ன கறி வைக்கிறேன் என்பதைக் கட்டிலில் இருந்தபடி மணத்தை வைத்துக் கண்டுபிடித்து, உப்புக் காணாது என்கிறா. உப்பை எப்படி மணக்கிறா என்று நான் கேட்பதில்லை.

என் சம்பளத்தில் சேர்த்தது ஒரு பக்கம் இருந்தது. மிச்சத்துக்குக் காரை விற்போம் என்று அம்மாதான் சொன்னா. "அது நிண்டு என்ன செய்யுது, கடற்காத்திலை கறள் பிடிக்குது" என்றா. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னா.

தெரிந்தவர்களிடம் கேட்டோம். இந்தச் செக்பொயின்ற் காலத்தில் பழைய கார் யாருக்கு வேண்டும் என்றார்கள். கனடாவில் இருக்கிற நம் ரமணன்தான் ஃபோனில், "அக்கா, இப்ப எல்லாம் இன்ரநெற்றிலை விக்கலாம், பழைய கார் எண்டால் பைத்தியமாத் திரியிற ஆக்கள் இருக்கினம்" என்று சொன்னான். காலி வீதியில் உள்ள கொமியூனிகேஷன் கடையில் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து விளம்பரம் போட்டேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் துடைத்துத் துடைத்து வைத்த முன் கிறில் நன்றாகத் தெரிகிற மாதிரிப் படம். அப்பாவின் கார், ஒரே கையில் இருந்தது என்று இரண்டு வரி. அடியில் வீட்டுத் தொலைபேசி எண்.

பிழை அங்கேதான் நடந்தது. உங்கள் மரண அறிவித்தலையும் ரமணன் இணையத்தில்தான் போட்டிருந்தான். நம்முடைய ஆட்கள் அறிவித்தல் போடுகிற சீர் உங்களுக்குத் தெரியும்தானே. கொக்குவிலைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் மகன், இன்னாரின் அன்புக் கணவர், மகள் சுகந்தி கொழும்பு, மகன் ரமணன் கனடா, இன்னாரின் அன்புச் சகோதரர், இன்ன இடத்து ஓய்வுபெற்ற பொறியியலாளர். கடைசியில் தொடர்புகளுக்கு என்று அதே வீட்டு எண். ஒரு குடும்பத்தின் உள்ளும் புறமும் அதற்குள் இருக்கிறது. நாலு நாட்டில் சிதறிக் கிடக்கிற சொந்தத்துக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தானே அப்படிப் போடுகிறோம்? அதைக் கன்னம் வைப்பதற்கு ஒருவன் பாவிப்பான் என்று யாருக்குத் தோன்றும்?

மூன்றாம் நாள் ஒரு ஃபோன். பெயர் சிவாவாம், லண்டனில் இருந்து கதைக்கிறானாம். விலையைக் கேட்கவில்லை, எஞ்சினைக் கேட்கவில்லை. "அக்கா, நீங்கள் கொக்குவிலோ?" என்றுதான் தொடங்கினான். நான் ஓம் என்றேன். அவ்வளவுதான், கதவு திறந்துவிட்டது. நாங்கள் எல்லாரும் அப்படித்தானே? ஊரில் எவ்விடம், யாருடைய ஆட்கள் என்று கேட்டு, ஒரு பெயர் பொருந்திவிட்டால் பிறகு கணக்கு வழக்கே இல்லை. எங்கள் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் காப்புறுதி கேட்டு வருகிற ஒவ்வொருவரையும் துருவித் துருவிக் கேட்கிற நான், இவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

உங்களை மாமா என்றான். உங்களிடம் கணக்குப் படித்தானாம், செத்த செய்தி கேட்டு லண்டனில் இருந்து அழுதானாம். ரமணன் கனடாவில் சுகமோ என்றான். அவன் குரலுக்குப் பின்னால் லொத்தர் சீட்டு விற்கிற ஒலிபெருக்கி சிங்களத்தில் கத்தியது. லண்டனில் லொத்தர் வண்டி! நான் அதைக் கேட்டேன் அப்பா, இந்தக் காதாலேயே கேட்டேன். ஏதோ ரி.வி. போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கேட்ட விலைக்கு ஒரு சதமும் குறைக்கவில்லை. மாமாவின் காரை லண்டனுக்குக் கப்பலில் எடுத்து, தன் வீட்டு வாசலில் விடப்போகிறானாம். வங்கி டிராஃப்ட் ஒன்றின் படத்தை ஈமெயிலில் அனுப்பினான். கார் விலையைவிடக் கூடவாக எழுதியிருந்தது. கூட உள்ளது கப்பல் ஏஜெண்டுக்கு, அவர் நேரில் வருவார், அதை நீங்கள் காசாகக் கொடுத்துவிடுங்கள், டிராஃப்ட் தபாலில் வந்துகொண்டிருக்கிறது என்றான். காரையும் அவரிடமே விட்டுவிடலாமாம். அம்மாவின் ஒப்பரேஷனுக்குச் சேர்த்த காசில் இருந்து எடுத்துக் கொடுக்க நான் ஆயத்தமாக இருந்தேன். உங்கள் மகள்தான், படித்தவள்தான்.

அத்தோடு ஓப்பின் பேப்பர் கேட்டான். நீங்கள் தலையில் அடித்துக்கொள்வது தெரிகிறது. காரின் பதிவுப் புத்தகத்தில் பெயரை மாற்றாமல், வாங்குபவரின் பெயரும் திகதியும் எழுதாத பத்திரத்தில் விற்பவர் கையெழுத்து வைத்துக் கொடுப்பது. ஊரெல்லாம் அப்படித்தான் விற்கிறார்கள். ஆனால் நாங்கள் ஊரெல்லாம் இல்லையே. நீங்கள் போவதற்கு முன் காரை என் பெயருக்கு மாற்றியிருந்தீர்கள். வெள்ளவத்தை விலாசம், தமிழ்ப் பெயர். அந்தக் கார் முன்பின் தெரியாத ஒருவன் கையில் போய், எங்கேயாவது ஒரு தெருவோரத்தில் அநாதையாக நின்றாலே போதும், குண்டு வைத்த காரோ என்று முதலில் தட்டப்படுவது எங்கள் கதவு. பிறகு நான் பொலிஸ் விசாரணைக்குக் கொண்டுபோகிற அந்த நான்காம் மாடியில் இருந்து யாருக்கு விளங்கப்படுத்துவது? அம்மாவை யார் கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போவது?

இதெல்லாம் தெரிந்தும் கையெழுத்து வைத்தேன். எங்கட ஆள்தானே என்று வைத்தேன்.

கையெழுத்து வைத்த அன்று மத்தியானம் அவன் திரும்பவும் ஃபோன் எடுத்தான். மறுநாள் காலை ஏஜெண்ட் வருவார் என்றான். வைக்கப்போகிற நேரம் குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டு, "மாமாவும் உங்கட பெரியப்பாவும் அந்தக் காரிலைதான் ஒண்டா எங்கட வீட்டை வாறவை அக்கா, இண்டைக்கும் கண்ணுக்கை நிக்குது" என்றான். எனக்கும் கண் கலங்கியது. ஃபோனை வைத்துவிட்டுப் போய் அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன்.

அம்மா முகத்தை என் பக்கம் திருப்பினா.

"ஆர்? பெரியப்பாவோ?" என்றா. "அந்தக் காரிலையோ?"

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. காரை வாங்கின வருஷம் பெரியப்பாவின் மகளுக்குக் கல்யாணம். பொம்பிளை கோயிலுக்கு அந்தக் காரில்தான் போவதென்று பேச்சு. சாரதி ஆசனத்தில் தான்தான் இருப்பேன் என்றீர்கள் நீங்கள். சம்பந்தி வீட்டுப் பெடியன் ஓட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் அவர். நீங்கள் சாவியை எடுத்துக்கொண்டு, பூமாலை கட்டின காரை அப்படியே வெள்ளவத்தைக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள். பொம்பிளை வாடகை வானில் போனா. அன்றைக்கு முறிந்த பேச்சுத்தான். வெள்ளவத்தைக்கும் அவர் இருக்கிற கொட்டாஞ்சேனைக்கும் ஒரு பஸ் தூரம், நீங்கள் சாகும்வரை இரண்டு பேரும் அந்தத் தூரம் போகவில்லை. உங்கள் செத்தவீட்டுக்கு அவர் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையின் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனார். வீட்டுக்கு வரவில்லை.

அறிவித்தல் எழுதும்போது அவர் பெயரைப் போடுவதா என்று ரமணன் கேட்டான். "செத்த பிறகும் என்ன சண்டை, அன்புச் சகோதரர் எண்டு போடு" என்று அம்மாதான் சொன்னா. நம் வீட்டைத் தெரிந்த எவரும் அந்த வரியைப் படித்துச் சிரித்திருப்பார்கள். தெரியாதவன் மட்டும்தான் நம்புவான். அவன் நம்பினான்.

உடனே டிராஃப்டில் பெயர் இருந்த வங்கியின் கொழும்புக் கிளைக்கு எடுத்து டிராஃப்ட் எண்ணைச் சொன்னேன். அப்படி ஒன்று வெளிவரவே இல்லை என்றார்கள். பத்திரத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பயத்தில் கிழிக்கிறேன் என்று அம்மா நினைத்தா. இல்லை. செத்த மனுசனின் பெயரைச் சொல்லி என்னை அழவைத்தானே, அதுதான். காசுக்காக ஏமாற்றுகிறவன் காசைப் பற்றிக் கதைக்கட்டும். என் அப்பாவைப் பற்றி அழ அவன் யார்? அதுவும் நம் பாஷையில், நம் ஊர்ப் பெயரைச் சொல்லி. ஆளுக்கு ஆள் துணையாக இருக்க வேண்டிய காலத்தில், ஒருவரை ஒருவர் நம்புகிற அந்த ஒன்றைத்தானே அவன் தட்டிப் பறிக்கப் பார்த்தான்?

"கொட்டாஞ்சேனைக்கு எடு" என்றா அம்மா.

எடுத்தேன். நான் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. பெரியப்பாவின் குரல் "நாளைக்கு வாறன்" என்று மட்டும் சொன்னது.

மறுநாள் காலை பெரியப்பா ஓட்டோவில் வந்து இறங்கினார். வழியில் இரண்டு இடத்தில் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்களாம். உங்கள் படத்துக்கு முன்னால் கொஞ்சம் நின்றார். பிறகு போர்ட்டிகோவில் காருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

ஏஜெண்ட் லொறியோடு வந்தான். இஸ்திரி போட்ட சேர்ட், கையில் பைல், வாய் நிறைய அக்கா. பெரியப்பாதான், சிவாவுக்கு இந்த வீட்டை எப்படித் தெரியும் என்று மெதுவாகக் கேட்டார். அவன் சொல்லிக் கொடுத்ததை ஒப்புவித்தான், மாமாவும் அவருடைய அண்ணரும் இந்தக் காரில்தான் ஒன்றாகத் திரிவார்களாம்.

"அந்த அண்ணன் நான்தான் தம்பி" என்றார் பெரியப்பா. "இந்தக் காருக்குள்ளை நான் ஒருநாளும் இருந்ததில்லை."

அவன் ஃபோனில் ஏதோ பார்க்கிற மாதிரிக் கேற்றடிக்குப் போனான். லொறி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

பொலிஸுக்குப் போனோம் அப்பா. ஈமெயில்களை எல்லாம் அச்செடுத்துக்கொண்டு போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அவற்றைத் தொட்டும் பார்க்கவில்லை. எந்த ஊர், எப்போது கொழும்புக்கு வந்தது, வீட்டில் யார் யார், கொழும்பில் இருக்கிற தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவு எங்கே என்று கேட்டார். நான் பிறந்ததே கொழும்பில் என்றேன். அதற்கும் அத்தாட்சி கேட்டார். கள்வனைப் பற்றிச் சொல்லப் போன என்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். விளம்பரம் போட்ட தளத்துக்கும் எழுதினேன், இன்றுவரை பதில் இல்லை. அந்தச் சிவா இப்போது வேறு யாருடைய அப்பாவுக்காக அழுதுகொண்டிருக்கிறானோ?

கார் பிறகு ஒழுங்காக விலைப்பட்டது. ஹெவ்லொக் டவுனில் ஒரு பல் வைத்தியர். எந்த ஊர் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நேரில் வந்து, வெள்ளைக் காற்சட்டையோடு காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். காசு வங்கியில் விழுந்து, வங்கி அதை உறுதி சொன்ன பிறகுதான் சாவியைக் கையில் எடுத்தேன். அவரையும் கூட்டிக்கொண்டு பதிவுக் கந்தோருக்குப் போய், வரிசையில் நின்று, என் பெயர் போய் அவர் பெயர் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அம்மாவுக்கு வருகிற மாதம் ஒப்பரேஷன்.

காரைக் கொடுப்பதற்கு முதல்நாள் ஒரு வேலை செய்தேன். பெரியப்பாவை வரச்சொல்லி, திரும்பிப் போகும்போது நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று காரை எடுத்தேன். அவர் முன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஏறுங்கோ என்று நான் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. வழி முழுக்க டாஷ்போர்டில் ஒரு கையை வைத்தபடி இருந்தார்.

கோட்டைக்குக் கிட்டச் செக்பொயின்றில் மறித்தார்கள். ஆமிக்காரன் குனிந்து, கார் யாருடையது என்று சிங்களத்தில் கேட்டான். புத்தகத்தை எடுக்க நான் பையைத் திறந்தேன். அதற்குள் பெரியப்பா சொல்லிவிட்டார்.

"மல்லிகே" என்றார். தம்பியுடையதாம்.

அவன் போகச் சொன்னான். கொட்டாஞ்சேனை வரும்வரை அவர் கைலேஞ்சியை முகத்தில் இருந்து எடுக்கவில்லை. இதை இருந்தபோதே செய்திருக்கக்கூடாதா அப்பா, இரண்டு பேரும்? உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். அதையும் எழுதிவிட வேண்டும்.

உங்கள் ஆண்டு நினைவு வருகிறது. அதற்கும் அறிவித்தல் போட வேண்டும் என்று ரமணன் நிற்கிறான். போடுவோம். ஆனால் வாக்குத் தருகிறேன், வீட்டு எண் இருக்காது, விலாசம் இருக்காது, எந்தப் பிள்ளை எந்த நாட்டில் என்று இருக்காது. எல்லாவற்றையும் வெட்டிவிடுவேன். இன்னாரின் அன்புச் சகோதரர் என்ற வரியை மட்டும் தொடமாட்டேன். போன தரம் அதை மரியாதைக்குப் போட்டோம். இந்தத் தரம் அதை எழுதித் தரப்போவது பெரியப்பா.

கோபம் ஆறாமலும் உங்களை மறவாமலும்,
உங்கள் மூத்தவள்,
சுகந்தி