இடம் எழுதாத சீட்டு

வாத்தியாரே,

மூடியைத் திறந்ததும் ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தது. அது வாசனையால் வந்தது, வேறு எதனாலும் இல்லை. உங்கள் மனைவி எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேறு மாதிரி நினைத்திருப்பார். அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

செங்கல்பட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோயிலில் என் வீடு வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பிஸ்கட் டப்பா. மேலே பிளாஸ்திரி ஒட்டி அதில் என் பெயர். உள்ளே பஞ்சுக்கு நடுவில் விரல் உயரத்துக்கு ஒரே ஒரு கண்ணாடிக் குப்பி.

"வெள்ளிக்கிழம மியூசியத்துல இருந்து வராங்க அண்ணே. அவரு வச்சிருந்த எல்லா டியூபும் எடுத்துக்கினு போறாங்க. இதுல மட்டும் எடம் எழுதல. எடம் இல்லன்னா வேணாம்னு சொல்ட்டாங்க. நீங்க எழுதிக் குடுத்துடுங்க" என்றார்.

"அவர் ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல. கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னால ஒக்காந்து டப்பா டப்பாவா பேரு ஒட்டினாரு. இத தனியா வச்சாரு. அவ்ளோதான் தெரியும்."

குப்பிக்குள் அந்தச் சிலந்தி இருக்கிறது. நிறமெல்லாம் போய் வெளுத்து, கால்களை மடக்கிக்கொண்டு. கூடவே இரண்டு காகிதச் சீட்டு. ஒன்று நான் போட்டது, சுத்த வெள்ளை. இன்னொன்று நீங்கள் பென்சிலில் எழுதியது. 'பெண். எடுத்தவர்' என்று போட்டு என் பெயர், இனிஷியலோடு. மாதம், வருடம். அப்புறம் 'இடம்' என்று எழுதிவிட்டு அதற்குப் பக்கத்தில் காலியாக விட்டிருக்கிறீர்கள்.

அந்த இடத்தை உங்களிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். எழுத அரை நிமிடம் ஆகியிருக்குமா? ஏன் எழுதவில்லை? என்னை நம்பவில்லையா? அல்லது நானே வந்து எழுதட்டும் என்று விட்டு வைத்தீர்களா? மற்ற சீட்டுகளையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதுகிறவர் இதை மட்டும் தமிழில் எழுதியிருக்கிறீர்கள். மூன்று நாளாக இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் புரட்டிப் பார்க்கிறேன். எனக்குப் பிடிபடவில்லை.

நீங்கள் கல்பாக்கம் குடியிருப்பில் சிலந்திகளைப் பற்றிப் பேச வந்த நாள் நினைவிருக்கிறதா? நான் கடைசி வரிசையில் ஷிப்ட் முடிந்த அழுக்குச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். முன்வரிசை முழுக்கப் பெரிய படிப்புக்காரர்கள். "தாவும் சிலந்திகள் வலை பின்னுவதில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனீர்கள். நான் எழுந்து, "வலை கட்டாது. ஆனா தூங்கறதுக்கு பை கட்டுது. அதயும் சேர்த்துச் சொல்லுங்க. எங்க பாத்ரூம் ஜன்னல்ல தெனம் பார்க்கறேன்" என்றேன்.

பாத்ரூம் என்றதும் முன்வரிசை சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்து, "வூடு எங்க கீது? ஜன்னலக் காட்டு" என்றீர்கள்.

காட்டினேன். என் மனைவி அவசரமாகக் கொடியிலிருந்த துணிகளை எடுத்தாள். நீங்கள் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி, நீலப் பெயின்ட் அடித்த சட்டத்தின் மூலையில் வெள்ளையாக ஒட்டியிருந்த பட்டுப் பையை முக்கால் மணி நேரம் பார்த்தீர்கள். இறங்கி வந்தபோது நான் "சார்" என்றதும், "சாரெல்லாம் காலேஜோட சரி, அண்ணாத்த" என்றீர்கள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த வாத்தியாரே.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் உங்களோடுதான். சவுக்குத் தோப்பு, உப்பளத்து வரப்பு, மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் தாழங்காடு. என்னிடம் இருந்தது நான்காகக் கிழிந்த ஒரு நோட்டும் கைலென்சும். முகத்தில் முன்னால் இரண்டு பெரிய கண் இருந்தால் தாவும் சிலந்தி என்று எனக்கே தெரியும். ஆனால் அதில் எது என்று பெயர் சொல்ல வேண்டுமானால், ஆணுக்கு வாயருகே இருக்கும் குட்டிக் கைகளின் நுனியையும், பெண்ணுக்கு அடிவயிற்றில் இருக்கும் ஒரு பொட்டையும் நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும் என்று உங்களிடம்தான் தெரிந்துகொண்டேன்.

"அந்தக் காலத்துல ஒருத்தரு ஆணப் பார்த்து ஒரு பேரு வச்சாரு. இன்னொருத்தரு பொண்ணப் பார்த்து வேற பேரு வச்சாரு. ரெண்டும் புருஷன் பொண்டாட்டின்னு கண்டுபுடிக்கறதுக்குள்ள பின்னால வந்தவங்களுக்குத் தாவு தீர்ந்துடுச்சு. ஜோடி கெடைக்காம நான் பேரு வைக்க மாட்டேன்" என்பீர்கள்.

இன்னொன்றும் சொல்வீர்கள். "பென்சில்ல எழுது. பென்சில்ல மட்டும் எழுது."

எழுதவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். இருபத்தைந்து வருட வேலைக்காக மேடையில் ஏற்றி, மாலை போட்டு எனக்குக் கொடுத்த பேனா சட்டைப் பையில் இருந்தது. என் அப்பா பிறர் நிலத்தில் ஏர் ஓட்டியவர், கைநாட்டு. அந்தப் பேனாவை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பென்சிலில் எழுத எனக்கு மனசு வரவில்லை.

அந்த வாரம் இரண்டு பெண் சிலந்தி எடுத்தேன். சனிக்கிழமை பாத்ரூம் ஜன்னலில் ஒன்று, பட்டுப் பையோடு. ஞாயிற்றுக்கிழமை கடப்பாக்கத்துக்குப் போய் ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவரில் ஒன்று, அதுவும் பையோடு. இரண்டு குப்பியிலும் என் பேனாவால் சீட்டு எழுதிப் போட்டேன். மூன்று வாரம் கழித்து உங்கள் மேசையில் திறந்தபோது ஸ்பிரிட் லேசான நீலத்தில் இருந்தது. சீட்டு இரண்டும் வெள்ளை.

நுண்ணோக்கியில் பார்த்தீர்கள். ஒன்று எல்லா வீட்டுச் சுவரிலும் இருக்கிற சாதாரணம். இன்னொன்றைப் பார்த்துவிட்டு வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை. புத்தகங்களை எடுத்தீர்கள், வைத்தீர்கள், மறுபடியும் எடுத்தீர்கள். "இது எதுலயும் இல்ல, அண்ணாத்த" என்றீர்கள். "இது எங்க எடுத்தது?"

"கோட்டைல" என்றேன்.

"நல்லா ஞாபகம் கீதா?"

"என் கையால எடுத்தேன். கோட்டை."

வாத்தியாரே, இப்போது எழுதுகிறேன். அந்தப் பதில் என் வாயில் வந்தபோது என் கண்ணுக்கு முன்னால் எந்தச் சுவரும் வரவில்லை. பாத்ரூம் ஜன்னலில் போய் யாராவது புதுச் சிலந்தி கண்டுபிடிப்பார்களா என்றுதான் மனசு கணக்குப் போட்டது. சாதாரணம் வீட்டில் கிடைத்திருக்கும், அபூர்வம் கோட்டையில் கிடைத்திருக்கும். இப்படி யோசித்துச் சொன்னதைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு சுவரும் வந்தது. செங்கல் நடுவில் சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு பொந்து, அதில் வெள்ளைப் பை. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தப் பொந்து தெரிகிறது. அது நான் பார்த்ததா, பிற்பாடு நானே கட்டிக்கொண்டதா என்பதுதான் தெரியவில்லை.

நீங்கள் ஆண் சிலந்தியைத் தேடிப் புறப்பட்டீர்கள். மூட்டு வலி, முழங்காலில் உறை மாட்டிக்கொண்டு. ஒன்பது ஞாயிறு. "ஆண்டவரு கேட்டா, சர்ச்சுப் பூசைக்கு வராம கோட்டைல எட்டுக்கால் பூச்சி தேடிகினு கீறாருன்னு சொல்றேன்" என்று உங்கள் மனைவி வாசலில் நின்று சொல்வார். நீங்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு சிரிப்பீர்கள்.

ஒன்பதாவது ஞாயிறு காலையில் கோட்டைக்குக் கீழே வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் பொறுக்காமல் கேட்டார்.

"இன்னா சார், வாரா வாரம் வந்து செவுத்தையே மொறச்சிகினு கீற? பொதையலா?"

"பொதையல்தான்" என்றீர்கள். "எட்டு காலு, எட்டு கண்ணு."

"கெடச்சா எனக்கு ஒரு கண்ணு குடு. ஏற்கெனவே ஒண்ணு சரியா தெரில." அவரோடு இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அப்புறம் சுவர் நிழலில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து எனக்கு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டீர்கள். "அண்ணாத்த, கோச்சுக்காத. அது ஜன்னல்ல எடுத்தது இல்லியே?"

நான் எழுந்துவிட்டேன். "ஒரு பட்டதாரி சொல்லியிருந்தா இப்படி ரெண்டாவது வாட்டி கேட்டிருப்பீங்களா?" என்றேன். "ஐடிஐ படிச்சவன் கண்ணு, கண்ணு இல்லியா?"

"நான் அத சொல்லல."

"வேற எத சொல்றீங்க?"

டீயை மணலில் கொட்டிவிட்டுப் பேருந்து நிற்கும் ரோடுவரை நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு முறை போன் செய்தீர்கள். நான் எடுக்கவில்லை. மூன்றாவது முறை செய்திருந்தால் எடுத்திருப்பேன். நீங்கள் செய்யவில்லை. அது உங்கள் தப்பு. இதில் நான் மாற மாட்டேன். எனக்குப் புத்தி தெரிந்த நாளிலிருந்து, நான் சொன்னதை முதல் தடவையே யாரும் நம்பியதில்லை. ரேஷன் கடையில், பள்ளியில், வொர்க்ஷாப்பில் எல்லாரும் "நிச்சயமாத் தெரியுமா?" என்பார்கள். தெரியாது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் என்றைக்கும் அதுதான் நம் பேச்சுக்கு மரியாதை. அதனால் தெரியாது என்று சொல்லவே நான் பழகவில்லை. உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் மனைவி கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டே ஒன்று சொன்னார். "போன வருஷம் ஒரு நாளு கல்பாக்கம் போயிட்டு வந்தாரு அண்ணே. குவார்ட்டர்ஸ்ல யாரப் பார்க்கணும்னு கேட்டாங்களாம். பேரு சொல்லத் தெரியாம திரும்பி வந்துட்டாரு. அண்ணனக் கூட்டிகினு போறதுதானேன்னு கேட்டேன். அவரு கோச்சுகினு கீறாருன்னாரு."

நான் அப்போதே ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்துவிட்டேன். அங்கே இப்போது யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

அவர் போன பிறகு லென்சை எடுத்துக் குப்பியைப் பார்த்தேன். சிலந்தியோடு சேர்ந்து கிடந்த பட்டுப் பையின் கிழிசலில் கடுகில் பாதி அளவுக்கு நீலத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. பெயின்ட். கோட்டைச் சுவரில் ஏது பெயின்ட்? அப்புறம் நினைத்தேன், கோட்டைக்குக் கீழே இழுத்துப் போட்டிருக்கும் படகுகளில் பாதி நீலம்தான். காற்றில் உதிர்ந்து வராதா? வரும். வராது. எதைச் சொன்னாலும் நானே எதிர்த்துப் பேசுகிறேன். நீங்கள் நுண்ணோக்கியில் இதைப் பார்க்காமலா இருந்திருப்பீர்கள்? பார்த்துவிட்டும் ஒன்பது ஞாயிறு என் பேச்சை வைத்துக்கொண்டு கோட்டைக்கு வந்தீர்களா?

நேற்று கல்பாக்கம் போனேன். பழைய வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு இளம்பெண் திறந்தாள்.

"இந்த வீட்ல முன்னால நான் இருந்தேன்மா. பாத்ரூம் ஜன்னலப் பார்க்கணும்."

"இன்னாது?"

"பாத்ரூம் ஜன்னல். எட்டுக்கால் பூச்சி இருக்கான்னு பார்க்கணும்."

அவள் உள்ளே திரும்பி, "அம்மா, யாரோ பெரியவரு பாத்ரூம் ஜன்னலப் பார்க்கணுங்கறாரு" என்று கத்தினாள். உள்ளே சிரிப்புச் சத்தம். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. நீங்கள் செய்தது போலவே பக்கெட்டைக் கவிழ்த்து ஏறினேன். அந்த அம்மாள் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜன்னல் இப்போது அலுமினியம். மேல் மூலையில் ஒரு வெள்ளைப் பை இருந்தது. விரலால் மெல்லத் தட்டினேன். காலி. சாதாரணம் கட்டியதா, நம்முடையது கட்டியதா? பையைப் பார்த்துப் பெயர் சொல்ல முடியாது.

"தாவற பூச்சி எதுனா தெரிஞ்சா அடிக்காதீங்கம்மா. எனக்குப் போன் பண்ணுங்க" என்று நம்பர் கொடுத்துவிட்டு வந்தேன். செய்வார்களோ மாட்டார்களோ.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. கோட்டை என்று எழுதினால் என் பேச்சு நிலைக்கும். இன்னொருவர் முழங்காலில் உறை மாட்டிக்கொண்டு அந்தச் சுவரை வாரா வாரம் பார்ப்பார். ஜன்னல் என்று எழுதினால் அதுவும் நான் பார்த்தது இல்லை, ஒரு நீலத் துணுக்கை வைத்து யோசித்ததுதான். ஒரு தடவை யோசித்ததைப் பார்த்ததாகச் சொன்னது போதும்.

காலையில் கடைக்குப் போய்ப் பென்சில் வாங்கி வந்தேன். சீவினேன். காகிதத்தைச் சிறியதாக வெட்டி எழுதினேன்: 'கல்பாக்கம் குடியிருப்பு, குளியலறை ஜன்னல். அல்லது கடப்பாக்கம், ஆலம்பரைக் கோட்டைச் சுவர். எடுத்தவருக்கு நிச்சயமில்லை.'

கடைசி இரண்டு சொல்லை எழுதக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மியூசியத்தார் இதை எடுத்துக்கொள்வார்களா என்று தெரியாது. எடுத்துக்கொள்ளவில்லை என்றால் குப்பி என்னிடமே இருக்கட்டும். உங்கள் சீட்டை எடுக்கவில்லை. அதில் இடத்துக்கு நேராக நீங்கள் விட்ட காலி அப்படியே இருக்கிறது. நான் எழுதியதை அதற்குப் பக்கத்தில் நுழைத்து, ஸ்பிரிட் ஊற்றி மூடினேன். எழுத்து கரைகிறதா என்று சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரையவில்லை, வாத்தியாரே.

பேனாவை அலமாரியில் வைத்துவிட்டேன். சட்டைப் பையில் இப்போது பென்சில் இருக்கிறது.