நான் சோதிக்காத ஒரே ரத்தம்

செல்லம்,

நானும் அப்பாவும் குத்துக்கல் மாதிரி இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும், வயிற்றுக்குள்ளே இருந்துகொண்டு உன்னை உதைக்கிற வாண்டும் அப்படியே இருக்க வேண்டும். அப்பா போன வாரம் எங்கள் ரத்த வங்கிக்கு வந்து ரத்தம் கொடுத்தார். ஊசி குத்தும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டவர், வெளியே வந்து பழரசத்தைக் கையில் வாங்கியதும் வீரம் பேச ஆரம்பித்துவிட்டார். அவர் ரத்தப் பையை நான்தான் இயந்திரத்தில் சுழற்றி மூன்றாகப் பிரித்தேன். சிவப்பணு ஃப்ரிட்ஜுக்கும் பிளாஸ்மா உறைபெட்டிக்கும் போயின, பிளேட்லெட்டை மட்டும் ஆட்டிக்கொண்டே இருக்கும் இயந்திரத்தில் வைத்தேன், ஐந்து நாளைக்கு அதுதான் அதற்குத் தொட்டில். ஒரு மனுஷனை மூணு பேருக்குப் பங்கு போட்டாச்சே, எனக்கு ஏதாவது மிச்சம் வச்சியா என்று அப்பா கேட்டார். வீட்டு ஃப்ரிட்ஜில் நான் டப்பாவுக்கு டப்பா தேதி ஒட்டுவதைக் கிண்டல் செய்ய, நேற்று தன் சட்டைப்பையிலேயே ஒரு லேபிள் ஒட்டிக்கொண்டு காப்பிக்கு வந்து உட்கார்ந்தார், காலாவதி என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

சரி, சுற்றி வளைத்தது போதும். நேற்று போனில் நீ சொன்னாய் அல்லவா, உன் டாக்டரம்மா உன் ரத்தம் நெகட்டிவ் என்று சொல்லி ஊசி போடக் கூப்பிட்டார்கள், நீயோ எங்கம்மா ரத்த வங்கியில இருக்காங்க, அவங்க கைப்பட எழுதின அட்டையில ஓ பாசிட்டிவ்னு இருக்கு, ஊசி வேண்டாம் என்று சொல்லித் திருப்பிவிட்டாய் என்று. பெருமையாகத்தான் சொன்னாய். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பால் ஒன்றும் பொங்கவில்லை.

எங்கள் வங்கியில் யார் சொன்னாலும் நம்ப மாட்டோம். நேற்று வந்துபோன நோயாளியே இன்று மறுபடி வந்தாலும் புதிதாக எடுத்துச் சோதித்து, இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பை வெளியே போகும். பெரிய டாக்டர் அனுப்பிய சீட்டையே திருப்பி அனுப்பியவள் நான். அப்படிப்பட்டவள் உன் பள்ளிக்கூட அட்டையை நிரப்பும்போது நானும் ஓ பாசிட்டிவ், அப்பாவும் ஓ பாசிட்டிவ், பிள்ளை வேறென்னவாகப் போகிறது என்று எழுதிவிட்டேன். நீ ஊசியென்றால் வீட்டை இரண்டாக்குவாய், அதற்குச் சோம்பல்பட்டேன். பாசிட்டிவ் இரண்டு பேருக்கு நெகட்டிவ் பிள்ளை பிறக்கலாம் என்று பயிற்சிக்கு வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறவளும் நான்தான். அந்த அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் நீ சாலை கடந்திருக்கிறாய், எங்காவது அடிபட்டு, அதை நம்பி யாராவது ரத்தம் ஏற்றியிருந்தால்? என்னை மன்னித்துவிடு கண்ணு.

மாப்பிள்ளை பாசிட்டிவ், வாண்டும் அவரைக் கொண்டு பிறந்தால் உன் ரத்தம் அதை அந்நியன் என்று எண்ணிச் சண்டைக்குத் தயாராகிவிடும், அடுத்த குழந்தைதான் அடிபடும். அதைத் தடுக்கத்தான் ஊசி. அந்தக் குப்பியில் இருப்பதும் நம் சரக்குதான், முகம் தெரியாத யாரோ கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து எடுத்தது. திங்கட்கிழமை உனக்கு இருபத்தெட்டு வாரம் ஆகிறது, ஊசி போட வேண்டிய காலம் அதுதான், நாளைக்கே போய் டாக்டரம்மாவிடம் எங்கம்மா தப்பா எழுதிட்டாங்க என்று சொல்லிப் போட்டுக்கொண்டு வா. கௌரவம் பார்க்காதே, என்னுடையது போனால் போகட்டும். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன், அப்பா இதைப் படம் பிடித்து இப்போதே அனுப்புவார்.

நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, மூவருமாக நூறு வயது வாழுங்கள். அட்டையைக் கிழித்துப் போடு. குழந்தை பிறந்ததும் அதன் குரூப்பை அங்கேயே சோதித்துப் பார்க்கச் சொல், என்னைக் கேட்காதே.

இப்படிக்கு,
ஊரார் ரத்தத்தையெல்லாம் இரண்டு முறை பார்க்கிற
உன் அம்மா